காளை நெஞ்சுத் தக்காளி

பிலாய்,
5-8-1974

அன்புள்ள தங்கை சண்முகத்தாய்க்கு, அண்ணன் இசக்கியப்பன் எழுதுவது. இங்கே நானும் உன் மதினி முத்துக்கனியும் செல்லக்கிளியும் சுகம். தூத்துக்குடியில் நீயும் மாப்பிள்ளை செல்வதுரையும் சுகம்தானா என்று தெரிந்தால் நிம்மதி.

இந்தக் கவருக்குள் ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். அவசரத்தில் கிழித்துவிடாதே. உள்ளே இருபத்துநான்கு தக்காளி விதை இருக்கிறது. ரஷ்யத் தக்காளி.

எங்கள் உருக்காலைக்கு வந்திருக்கும் ரஷ்ய இன்ஜினீயர் ஒருவரின் வீட்டுக்காரி பெயர் தமாரா. வயது ஐம்பதுக்கு மேல். ஸ்டோர் கிளார்க் என்பதால் அவர்கள் வீட்டுக்கு பல்பு, குழாய் என்று ஏதாவது கொண்டுபோவது என் தலையில்தான் விழும். அந்த அம்மாளுக்கும் இந்தி அரைகுறை, எனக்கும் அரைகுறை, அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிகிறது. இந்த விதை அவளுடைய அப்பா வைத்திருந்தது. அவர் போய்விட்டார். அவர் இருந்த வீட்டையும் இடித்துவிட்டார்கள், தோட்டமும் போயிற்று. மிச்சம் இந்தப் பொட்டலம்தான். இங்கே இரண்டு வருஷம் போட்டுப் பார்த்தாள், இலை சுருண்டு செத்துவிட்டது. ஒவ்வொரு பழமும் அரைப்படி இருக்குமாம். பெயர் ரஷ்ய பாஷையில் வாயில் நுழையவில்லை, அர்த்தம் காளையின் நெஞ்சு என்றாள்.

உன் கைராசியைப் பற்றி வாய் தவறிச் சொல்லிவிட்டேன். குச்சியை ஊன்றினாலும் என் தங்கச்சி கையில் துளிர்க்கும் என்றேன். உடனே உள்ளே போய் இருந்த விதை அத்தனையும் எடுத்து வந்து கொடுத்துவிட்டாள். அடுத்த சித்திரையில் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். அதற்குள் புது விதை எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். என் மானம் உன் கையில் இருக்கிறது.

மனசில் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கைக்கு ஒரு வேலை இருந்தால் நல்லதுதான்.

மதினி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அண்ணன்
இசக்கியப்பன்


மில்லர்புரம், தூத்துக்குடி,
20-8-1974

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சண்முகத்தாய் வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். மதினியும் பாப்பாவும் சுகமாக இருக்கட்டும்.

விதை பத்திரமாக வந்தது. நீங்கள் இவ்வளவு நீளமாகக் கடிதம் எழுதி நான் பார்த்ததே இல்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு பன்னிரண்டு வருஷத்தில் வந்த கடிதம் எல்லாம் சேர்த்தால்கூட இத்தனை வரி தேறாது. கவரைப் பிரித்ததும் ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டேன்.

அடி உடைந்த பானையில் மணலும் பொடித்த சாணமும் கலந்து வெள்ளிக்கிழமை விதைத்தேன். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் குழாயில் வருகிற நல்ல தண்ணீரில் ஒரு செம்பு அதற்கு என்று ஒதுக்கி வைக்கிறேன். ஒன்றுவிட்டு ஒருநாள்தான் குழாய் வருகிறது. பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் இருக்கிறாளே, மணப்பாட்டுக்காரி, வீட்டுக்காரர் வளன் கொழும்புத் தோணியில் போகிறவர், அவள் வந்து பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “ஏளா, உங்க அண்ணன் அம்புட்டுத் தூரத்துல இருந்து அனுப்புனது தக்காளி வெதையா? ஒரு சேலை அனுப்பக் கூடாதா?” என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பதினேழு முளைத்திருக்கிறது. தமாரா அம்மாளிடம் சொல்லுங்கள்.

தங்கை
சண்முகத்தாய்


பிலாய்,
3-9-1974

அன்புள்ள தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம். பதினேழு முளைத்த செய்தி கேட்டுத் தமாரா அம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டாள். ஆபீஸில் எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் சொன்னதை எழுதுகிறேன். நாலு இலை வந்ததும் பிரித்து நட வேண்டும். தண்டைப் பாதிவரை மண்ணுக்குள் புதைக்கலாம், அங்கேயும் வேர் விடும். பக்கக் கிளையைக் கிள்ளிவிட வேண்டும். கம்பு ஊன்றிக் கட்ட வேண்டும், காயின் பாரத்துக்குச் செடி தாங்காது.

வேலை அதிகம். வேறு விசேஷம் இல்லை.

இசக்கியப்பன்


தூத்துக்குடி,
24-9-1974

அன்புள்ள அண்ணனுக்குச் சண்முகத்தாய் எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

விசேஷம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இங்கே இருக்கிறது. ஆவணி கடைசி முகூர்த்தத்தில் உங்கள் மாப்பிள்ளை சீனித்தாய் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளுடைய ஊரில், அவர்கள் குலதெய்வக் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார்கள். பத்துப் பேர்கூடப் போகவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயது. எனக்குப் பிள்ளை இல்லை என்பதுதான் காரணம், அது உங்களுக்குத் தெரிந்ததே. ஆரத்தி எடுக்க யாரும் இல்லாததால் நானே எடுத்தேன்.

ஆவணி பிறந்த பிறகுதான் அவர் என்னிடம் சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதற்கு அவர், “உங்க அண்ணனே சரின்னு எழுதியாச்சு. பொறவு நீ எதுக்கு மூஞ்சியத் தூக்குத?” என்றார்.

அண்ணா, அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் நீங்கள்தான். பிறந்த வீட்டு வார்த்தை இல்லாமல் இரண்டாவது தாலி கட்ட அவருக்குத் தைரியம் வராது. நீங்கள் சம்மதம் எழுதினீர்களா? ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வரி போதும். கோபப்பட எனக்குத் தெம்பு இல்லை. தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

பதினேழில் மூன்று அழுகிவிட்டது. பதினொன்றைக் கொல்லைப்புறத்தில் நட்டிருக்கிறேன். மூன்றை பிளாரன்ஸ் கேட்டாள், கொடுத்தேன். மணப்பாட்டில் அவள் அம்மா வீட்டு மணலில் வைக்கிறாளாம்.

சண்முகத்தாய்


பிலாய்,
19-10-1974

அன்புள்ள தங்கை சண்முகத்தாய்க்கு. நலம், உன் நலம் அறிய வேண்டும். கடிதம் கிடைத்தது. பதில் தாமதமாகிவிட்டது.

நீ மூன்று செடியைக் கொடுத்தது பற்றித் தமாரா அம்மாளிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். விதையை நாலு இடத்தில் வைத்திருந்தால்தான் ஒரு இடத்தில் தவறினாலும் இன்னொரு இடத்தில் கிடைக்கும் என்று அவள் அப்பா சொல்வாராம். கடற்காற்று படுகிற பக்கம் ஓலைத் தட்டி கட்டச் சொன்னாள். பூ வைத்ததும் காலை வேளையில் கொத்தை விரலால் லேசாகத் தட்டிவிட வேண்டுமாம். பூ உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், இரவு குளிர ஆரம்பித்தால் நிற்கும்.

விதை எடுக்கிற முறை வேறு. பழத்தின் சாற்றோடு விதையை ஒரு பாத்திரத்தில் விட்டு, மூன்று நாள் புளிக்க வைத்து, நுரை கட்டிய பிறகு கழுவி நிழலில் காய வைக்க வேண்டும். நாம் செய்வதுபோல் சாம்பலில் புரட்டக் கூடாது என்று சொன்னாள். மறந்துவிடாதே.

தீபாவளிக்குச் சேலை அனுப்புகிறோம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இசக்கியப்பன்


தூத்துக்குடி,
30-11-1974

அண்ணனுக்கு, சண்முகத்தாய். எல்லோரும் சுகமா? நான் இருக்கிறேன்.

சேலை வந்தது. நிறம் நன்றாக இருக்கிறது. மதினி எடுத்ததா?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பூவைத் தட்டுவது இருக்கிறது, ஓலைத் தட்டி இருக்கிறது, நுரை கட்டுவதுகூட இருக்கிறது. நான் கேட்டது மட்டும் இல்லை. ஒருவேளை இரண்டாவது தாள் கவருக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று கவரைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தேன். என்னைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சரி, செடியைப் பற்றியே எழுதுகிறேன். ஐப்பசி மழை கொட்டித் தீர்த்துவிட்டது. நாலு செடி வேர் அழுகிப் போயிற்று. ஏழு நிற்கிறது. பனைமட்டை நட்டுச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறேன். அந்த அம்மாள் சொன்னது சரிதான், இரவு குளிர்ந்த பிறகு பூ உதிரவில்லை. காய் பிடித்திருக்கிறது. ஒரு காய் என் கைக்குள் அடங்கவில்லை. சீனித்தாய் தினமும் வந்து பார்த்துவிட்டு, “யக்கா, இது தக்காளியா இல்ல பூசணிப் பிஞ்சா?” என்று கேட்கிறாள். அந்தப் பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்கு முன்னால் அவள் சாப்பிட உட்காருவதில்லை. அவளும் ஒரு வீட்டில் பிறந்து, யாரோ சரி என்று சொன்னதால் இங்கே வந்தவள்தான்.

நான் இப்போது பின்கட்டு அறையில் படுக்கிறேன். கொல்லைப்புறம் பக்கம் என்பதால் வசதி. காலையில் எழுந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், பிறகு எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது.

நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது அண்ணா.

சண்முகத்தாய்


பிலாய்,
18-1-1975

அன்புள்ள தங்கை சண்முகத்தாய்க்கு அண்ணனின் ஆசீர்வாதம். பொங்கல் நல்லபடி நடந்திருக்கும். இங்கே குளிர் அதிகம். மதினிக்கு மூட்டு வலி.

நீ ஏதோ கேட்டிருந்தாய். மாப்பிள்ளை எனக்கு எழுதியது உண்மை. நான் சரி என்றும் எழுதவில்லை, கூடாது என்றும் எழுதவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன். அதை அவர் தன் வசதிக்கு எடுத்துக்கொண்டிருப்பார். கடை வைத்து வியாபாரம் செய்கிறவர்கள் அப்படித்தான். நடந்தது நடந்துவிட்டது, இனி அதைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? மூத்தவள் என்ற மரியாதை உனக்கு எப்போதும் உண்டு. அந்தப் பெண்ணும் அடக்கமானவள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.

விதை எடுத்துவிட்டாயா? தமாரா அம்மாள் வழியில் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாள். ஏப்ரல் இருபத்தாறாம் தேதி கிளம்புகிறார்கள். ஒரு முப்பது விதை இருந்தால் போதும். ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு.

இசக்கியப்பன்


தூத்துக்குடி,
9-2-1975

அண்ணனுக்கு, சண்முகத்தாய் எழுதுவது. மதினியின் மூட்டு வலிக்கு வேப்பெண்ணெய் சுடவைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். பாப்பா படிக்கிறாளா?

பழம் பழுத்தது. நன்றாகச் சிவக்கவில்லை, ரோஜா நிறம். மேலே அகன்று கீழே கூம்பி, பெயருக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கிறது. ஏழு செடியில் ஆறு பழம் தேறியது. இரண்டைக் காக்கை கொத்திவிட்டது. அறுத்தால் முழுக்கச் சதை, விதை மிகவும் கொஞ்சம். மூன்று நாள் புளிக்க வைத்துக் கழுவி நிழலில் காய வைத்தேன். எல்லாம் சேர்த்து நாற்பத்தொன்று. ஒரு பழத்தில் பாதியை உப்புப் போட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். இனிப்பு.

இந்தக் கவரில் விதை இல்லை. வேறு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். அது யார் கையெழுத்து என்று பாருங்கள்.

விதை முளைத்த வாரம் அது என் கையில் கிடைத்தது. மத்தியானம் அவருக்குச் சோறு கொண்டு கடைக்குப் போயிருந்தேன். வந்த கடிதங்களை எல்லாம் கல்லாவுக்கு மேலே கம்பியில் குத்தி வைப்பார், உங்களுக்குத் தெரியும். நாடார் மண்டிச் சீட்டுகளுக்கு நடுவே உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் தொங்கியது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

மஞ்சள் கடிதம் என்றால் நான் என்ன நினைப்பேன்? செல்லக்கிளிக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. நம்ம பாப்பா பெரிய மனுஷி ஆகிவிட்டாள், அண்ணன் சடங்குக்கு எழுதியிருக்கிறார், அவர் எனக்குச் சொல்ல மறந்துவிட்டார் என்று நினைத்துவிட்டேன். படிக்கவில்லை. கம்பியிலிருந்து உருவி மடியில் வைத்துக்கொண்டு நேரே பிளாரன்ஸ் வீட்டுக்குப் போனேன். அத்தை நான் என்ன சீர் செய்ய வேண்டும், பிலாய்க்கு எத்தனை நாள் ரயில், பட்டுப் பாவாடைக்கு என்ன நிறம் எடுக்கலாம் என்று அரைமணி நேரம் பேசினேன். ஒரு காரியத்துக்காவது என்னை முன்னால் நிற்க வைப்பார்கள் என்று அவ்வளவு சந்தோஷம் எனக்கு. பிளாரன்ஸ்தான், தேதி என்னைக்குப் போட்டிருக்கு, வாசி என்றாள். அவள் முன்னால் சத்தமாக வாசித்தேன்.

“பன்னிரண்டு வருஷம் பொறுத்தது பெரிய காரியம். எங்கள் பக்கம் தடை ஒன்றும் இல்லை. சண்முகத்தாயிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். என்னிடம் கேட்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.”

அதோடு மடித்து மடியில் வைத்துக்கொண்டேன். பிளாரன்ஸ், “ஏளா, எந்திரி, குழாய்ல தண்ணி வந்துட்டு” என்று என் குடத்தையும் அவளே எடுத்துக்கொண்டு போனாள்.

நாலு நாள் கழித்து உங்கள் மாப்பிள்ளை பக்குவமாகச் சொன்னார். அந்தப் பக்குவத்தைத்தான் முன்பே எழுதினேன்.

எல்லாம் தெரிந்துதான் செப்டம்பரில் உங்களிடம் கேட்டேன். ஆமாம் சண்முகத்தாயி, எழுதினேன் என்று ஒரு வரி வந்திருந்தால் அதோடு விட்டிருப்பேன். நாலு மாதம் காத்திருந்ததற்குப் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் தாரம் வந்தது வலிக்கத்தான் செய்தது. ஊரில் நடக்காததா என்று ஒரு மாதிரி தாங்கிக்கொண்டேன். இதை என்னால் தாங்க முடியவில்லை.

விதை என்னிடம் இருக்கிறது. உண்மையை எழுதுங்கள், அனுப்புகிறேன். அந்த அம்மாள் நல்லவள், அவளை நடுவில் வைத்து இப்படிப் பேரம் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்களிடம் கேட்டு வாங்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

சண்முகத்தாய்


பிலாய்,
24-2-1975

(தபால் கார்டு)

தங்கைக்கு. கடிதம் கிடைத்தது. அனைவரும் நலம். ஸ்டோரில் ஸ்டாக் எடுக்கிறார்கள், வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

இசக்கியப்பன்


பிலாய்,
5-4-1975

அன்புள்ள சண்முகத்தாய்க்கு,

நலம் விசாரிக்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் நலமா என்று கேட்டுவிட்டே எழுதுகிறேன்.

நேற்று தமாரா அம்மாள் வீட்டுக்குப் போய், என் தங்கையின் செடியெல்லாம் மழையில் செத்துவிட்டது, விதை கிடைக்காது என்று சொல்லிவிட்டேன். பரவாயில்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டு உள்ளே போனவள் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. அதனால் நீ இனி விதை அனுப்ப வேண்டியதில்லை. விதைக்காக எழுதினான் என்று நீ நினைக்கக் கூடாது என்பதற்காகத்தான் முதலில் அதை முடித்துவிட்டு வந்து எழுத உட்கார்ந்தேன்.

ஆமாம். நான்தான் எழுதினேன்.

மஞ்சளை மதினி தடவினாள் என்று எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். அவள் தடவவில்லை. நானே அடுப்படிக்குப் போய் எடுத்து வந்து தடவினேன். கல்யாண சங்கதி எழுதினால் கை தானாக மஞ்சளுக்குப் போய்விடுகிறது. யாருடைய கல்யாணம், யார் வயிறு எரியும் என்று அந்தக் கை யோசிக்கவில்லை. நீ அதை எடுத்துக்கொண்டு பிளாரன்ஸ் வீட்டுக்கு ஓடினாய் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் எழுதினேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். மாப்பிள்ளை தன் கடிதத்தில், சம்மதம் இல்லையென்றால் உங்கள் தங்கச்சியை நீங்களே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று எழுதியிருந்தார். எங்களுக்கு இரண்டு அறைக் குவார்ட்டர்ஸ். முன் அறையில் செல்லக்கிளியின் கட்டில் கிடக்கிறது. அன்றைக்கு நானும் முத்துக்கனியும் அந்தக் கட்டிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். அதை எங்கே நகர்த்துவது, உன்னை எங்கே படுக்க வைப்பது, எத்தனை வருஷத்துக்கு என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. முத்துக்கனி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. பாவம், அவள் மேல் பழி போட எனக்கு இடமே வைக்கவில்லை. நீ இங்கே வந்துவிடுவாயோ என்று நான்தான் பயந்தேன். உன் நல்லதுக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் பொய். பயம்தான்.

அதை எழுதித் தபாலில் போட்ட பிறகு இருப்புக் கொள்ளவில்லை. அப்போதுதான் தமாரா அம்மாளிடம் உன் கைராசியைப் பற்றிச் சொன்னேன். வாய் தவறி இல்லை. உனக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று இருந்தது, என்னிடம் கொடுக்க எதுவும் இல்லை.

இப்போது சொல்கிறேன், அங்கே உனக்குக் கஷ்டமாக இருந்தால் கிளம்பி வந்துவிடு. ஒரு கார்டு போடு, நான் சென்னை வரை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். மதினியும் அப்படித்தான் சொல்கிறாள்.

உன் அண்ணன் என்று போட்டுக்கொள்ளத் தயக்கமாக இருக்கிறது.

இசக்கியப்பன்


தூத்துக்குடி,
12-4-1975

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை சண்முகத்தாய் வணங்கி எழுதுவது. நான் நலம். நாளை மறுநாள் சித்திரை பிறக்கிறது. உங்கள் எல்லோருக்கும் நல்ல வருஷமாக இருக்கட்டும்.

பெரிய தபாலாபீஸில் ரிஜிஸ்தர் செய்து இதை அனுப்புகிறேன். இருபதாம் தேதி, மிஞ்சிப்போனால் இருபத்திரண்டாம் தேதி உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று கிளார்க் சொன்னார். உள்ளே பொட்டலத்தில் நாற்பத்தொரு விதையும் இருக்கிறது. வாங்கிய அன்றே தமாரா அம்மாள் கையில் கொடுத்துவிடுங்கள். செடி செத்ததாகச் சொன்னது என் தங்கை எனக்குச் சொன்ன பொய் என்று சொல்லிக்கொள்ளுங்கள். அவளுக்கு என்னைத் தெரியாது, என் மேல் கோபப்பட்டுவிட்டுப் போகட்டும். அப்பாவுடைய சாமான் என்று அந்த அம்மாளுக்கு இது ஒன்றுதான் இருக்கிறது. அதை இத்தனை நாள் பிடித்து வைத்திருந்ததற்கு நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

எனக்கென்று விதை வைத்துக்கொள்ளவில்லை. மணப்பாட்டில் பிளாரன்ஸ் அம்மா வைத்த மூன்றும் இன்னும் காய்க்கிறதாம். வேண்டுமென்றால் அங்கே கேட்பேன். கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

சீனித்தாய்க்கு ஐந்தாம் மாதம். எதைத் தின்றாலும் வாந்தி எடுக்கிறாள். கடைசிப் பழத்தில் ரசம் வைத்துக் கொடுத்தேன், அது மட்டும் தங்கியது. ஏழாம் மாதம் வளையல் அடுக்கும்போது என்னைக் கூப்பிட மாட்டார்கள், அது வழக்கம். அதற்கு முந்தின நாள் வரை அவளுக்கு வேண்டியதை நான்தான் பார்க்க வேண்டும், அதுவும் வழக்கமாகிவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால்கூட நன்றாக இருக்குமோ என்று சில நேரம் தோன்றுகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். ஒளிக்காமல் எழுதிவிட்டீர்கள். நான் கேட்டது கிடைத்துவிட்டது, இனி அதைப் பற்றி எழுத மாட்டேன். பிறந்த வீடு என்று ஒன்று எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, போகாவிட்டாலும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே பன்னிரண்டு வருஷம் இந்த வீட்டில் இருந்துவிட்டேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. அதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கிளம்பி வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிக்கு முன்னால் பேனா கொஞ்ச நேரம் நின்றிருக்கிறது, மை ஊறியிருக்கிறது. மதினியிடம் சொல்லுங்கள், பாப்பாவின் கட்டில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பயப்பட வேண்டாம் அண்ணா. நான் வரவில்லை.

தங்கை
சண்முகத்தாய்